பாளையங்கோட்டையில் ஒரு சனி ஞாயிறு: தொடக்கப்பள்ளி டீச்சர்களுக்கான அறிவியல் செய்முறைப் பயிற்சி எப்படி இருந்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு கொடுத்துப் போகலாம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு தடவை போய்விட்டு வரலாம். குறைகள் இருக்கின்றன, அதில் ஒன்று பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், அவசரமாகப் படிக்கிறவர்கள் பயிற்சியில் கொடுத்த பொருள் பெட்டியைப் பற்றிய அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நடத்துகிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் கல்லூரியில் இயற்பியல் எடுக்கும் ஒருவரும் சேர்ந்த சின்னக் குழு. குறையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. நெல்லை, பாளை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு எந்தப் பயிற்சி என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

அரசே பயிற்சி கொடுக்கும்போது இதற்கு எதற்குத் தனியாகக் காசு என்று எங்கள் பள்ளியிலேயே கேட்டார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து வட்டார வள மையத்துக்கு நாம் போகாத பருவம் கிடையாது, உண்மைதான். ஆனால் அங்கே வாசிப்பும் கணக்கும்தான் முதல் வேலை, அது சரியும்கூட, வாசிக்கத் தெரியாத பிள்ளை அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும். அதே வருடம் நவம்பரில் வந்த வானவில் மன்றம் அருமையான திட்டம், கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறார்கள், ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்தாம் வகுப்பு வரை இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அறிவியலைக் கையில் எடுத்துக் காட்டவேண்டிய ஆள் வகுப்பு டீச்சர் மட்டும்தான். அந்த டீச்சர் யார்? நம்மில் பலர் பிளஸ் டூவில் வணிகவியலோ வரலாறோ படித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவர்கள். கடைசியாகச் சோதனைக்குழாயைக் கையில் பிடித்தது பத்தாம் வகுப்பில், அதுவும் படித்த பள்ளியில் ஆய்வகம் என்று ஒன்று இருந்திருந்தால். அப்படிப்பட்டவர்களிடம் "செயல்பாடு மூலம் கற்பிக்கவும்" என்று புத்தகம் சொல்லும்போது, செயல்பாட்டைச் செய்துவிடலாம், பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்டால்தான் சிக்கல். இந்தப் பயிற்சி அந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட நாலு வித்தை சொல்லிக்கொடுத்து அனுப்பாமல், டீச்சருக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

ஜூலை மாதம், சனி ஞாயிறு, பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கூடம். கட்டணம் 600 ரூபாய், இரண்டு நாள் மதியச் சாப்பாடும் ஒரு பொருள் பெட்டியும் சேர்த்து. சாப்பாடு நன்றாக இருந்தது, சனிக்கிழமை சொதி, வேறென்ன வேண்டும். அம்பை, நாங்குநேரி, வள்ளியூர், மானூர் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கூட்டம்தான் அந்தக் கூடத்துக்கு அதிகம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் எடுத்த எடுப்பிலேயே மெழுகுவத்திச் சோதனை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கவேண்டும், தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். மேசைக்கு ஒரு தட்டு கொடுத்துச் செய்யச் சொன்னார்கள், செய்தோம். தண்ணீர் ஏன் ஏறியது என்று பயிற்சி எடுத்த சார் கேட்டதும் கூடம் முழுக்க ஒரே குரல்: ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அது இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால் டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு உயரம்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை செய்யுங்க. இந்தத் தடவை வேற எதையும் பாக்காதீங்க, தண்ணி எப்போ ஏறுதுன்னு மட்டும் பாருங்க" என்றார். பார்த்தோம். தீ எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பெரிதாக ஏறவே இல்லை. தீ அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்வதால் ஏறுகிறது என்றால் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டுமே. அடுத்து ஒரு மேசையில் இருந்த டீச்சர், டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ் குமிழாக வெளியே வருகிறது சார் என்றார். அதை எல்லோரும் திரும்பச் செய்து பார்த்தோம், வருகிறது. அப்புறம் ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை ஏற்றி அதே டம்ளரால் மூடச் சொன்னார். தண்ணீர் முன்னைவிட நன்றாகவே உயரமாக ஏறியது. அம்பைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, "மூணு திரி எரிஞ்சாலும் டம்ளர் ஒண்ணுதான சார், உள்ள இருக்க ஆக்சிஜன் ஒரே அளவுதான, பின்ன எப்படி கூட ஏறும்?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பதில் சூட்டில் இருக்கிறது. சுடரின் மேல் டம்ளரைக் கொண்டுவரும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது, விரிந்த காற்றில் ஒரு பகுதி குமிழாக வெளியேறிவிடுகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்று அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். ஆக்சிஜன் செலவாகிறதுதான், ஆனால் முழுவதும் தீர்வதற்கு முன்பே தீ அணைந்துவிடுகிறது, செலவான இடத்துக்குக் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் அது தற்செயல். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு டீச்சர் உண்மையிலேயே வருத்தப்பட்டுவிட்டார். "அப்பம் இத்தன வருசமா பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் என்ன சார்?" என்றார். "சோதனைய நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க டீச்சர், விளக்கத்த யாரும் சோதிச்சுப் பாக்கல, அவ்வளவுதான்" என்று சார் சொன்ன விதம் மரியாதையாக இருந்தது. டீச்சர்களைப் பிள்ளைகள் மாதிரி நடத்தும் பயிற்சியாளர்களை நிறையப் பார்த்தவள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இதோடு விட்டிருந்தால், பழைய விளக்கம் தப்பு என்று தெரிந்துகொண்டு கையைப் பிசைந்துகொண்டு வந்திருப்போம். விடவில்லை. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட வேறு வழியைச் செய்து காட்டினார்கள். பேட்டையில் லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சுருள் வாங்கி வந்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, வினிகரில் நனைத்து, டம்ளரின் அடியில் திணித்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். தீயே இல்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு வேறு வாயு எதையும் விடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஏறி நின்றது, அளந்து பார்த்தோம், டம்ளருக்கு டம்ளர் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கித்தான் இருந்தது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பது இப்படிக் கண்ணுக்குத் தெரிந்தால் மறக்காது. ஒன்று கவனம், கடையில் விற்கும் பளபள ஸ்டீல் ஸ்கிரப்பரை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது துருப்பிடிக்காத வகை, நாள்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது.

இந்த ஒரு மெழுகுவத்திக்கே காலை நேரம் முழுவதும் போய்விட்டது. அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் மதியத்துக்குள் இன்னும் நாலு சோதனை இருந்தன, அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் இருந்த சிலருக்கு இதில் வருத்தம், பட்டியலில் இருப்பதை எல்லாம் முடிக்கவில்லையே என்று. எனக்கு வருத்தம் இல்லை. நாற்பது சோதனையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போட்டோவோடு வீடு திரும்பும் பயிற்சிகள்தான் ஊரெல்லாம் நடக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் வெளியே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நட்டு, அதன் நிழலின் நுனியைக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சாக்பீஸால் குறிக்கவேண்டும். ஜூலை மாதத்து மேகம், வெயில் வருவதும் போவதுமாக இருந்தது, காற்று வேறு, ஆனாலும் குறித்துவிட்டோம். நிழல் எப்போது ரொம்பக் குட்டையாகிறது என்பது கேள்வி. பன்னிரண்டு மணிக்கு என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். பன்னிரண்டு தாண்டியும் நிழல் குறைந்துகொண்டே போனது, 12:25 வாக்கில்தான் மிகக் குட்டையானது, அதற்குப் பிறகு மறுபடி நீளத் தொடங்கியது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. திருநெல்வேலி இருப்பது 77.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நமக்கு உச்சி வேளை 19 நிமிடம் தள்ளித்தான் வரும், மிச்ச நிமிடங்கள் பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை என்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் மாதத்துக்கு மாதம் கூடிக் குறையும்.

எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. அந்தக் குட்டை நிழல் தெற்குப் பக்கம் விழுந்தது, ஒரு சாண் நீளத்துக்கு. இந்தியாவில் உச்சி வேளையில் நிழல் வடக்கே விழும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவோம், வட இந்தியாவுக்கு அது வருடம் முழுவதும் சரி. நாம் இருப்பது 8.7 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அன்றைக்கு உச்சியில் குச்சிக்கு நிழலே இருக்காது, அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் நம் ஊரில் உச்சி நிழல் தெற்கேதான். இதை எந்தப் புத்தகமும் திருநெல்வேலிப் பிள்ளைக்கு என்று தனியாக எழுதித் தராது, குச்சியை நட்டால் தெரிந்துவிடும். ஒரு குச்சி, ஒரு சாக்பீஸ், செலவே இல்லை. ஆகஸ்ட் கடைசி வாரம் பள்ளி நடக்கும் நாள்தான், மேகம் விட்டால் எல்லோரும் செய்து பாருங்கள்.

மதியத்துக்கு மேல் எளிய இயந்திரங்கள். பிளாஸ்டிக் கார் பொம்மையைக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன், நுங்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டாம், நுங்கு தின்ற மிச்சம் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. கேள்வி இதுதான்: வண்டி ஓடும்போது நடுக்குச்சி சுற்றுகிறதா, சுற்றாமல் நிற்கிறதா? பாதிப்பேர் சுற்றும் என்றோம், பாதிப்பேர் சுற்றாது என்றோம், இத்தனைக்கும் சின்ன வயதில் அதை ஓட்டாதவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. குச்சியில் சிவப்பு நூலைக் கட்டி ஓட்டிப் பார்த்தால் சுற்றுகிறது, சக்கரமும் அச்சும் ஒன்றாகவே சுற்றுகின்றன, உரசல் கவைக்கம்பு குச்சியைத் தொடும் இடத்தில். மாட்டு வண்டியில் அச்சு நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும், உரசல் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளே, வண்டிக்காரர் மசகு போடுவது அங்கேதான். அப்படியானால் நுங்கு வண்டிக்குத் தேங்காய் எண்ணெயை எங்கே தடவவேண்டும்? இப்படிக் கேட்டால் நாலாம் வகுப்புப் பிள்ளை தானே யோசித்துச் சொல்லிவிடும், உராய்வு என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகும் என்பது ஆரத்தி கரைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும் என்று காட்டினார்கள். செம்பருத்தி, சங்குப்பூச் சாற்றிலும் செய்தோம். நன்றாக இருந்தது, புதிது என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் டீச்சர் மட்டும் கையாளவேண்டும், பிள்ளைகளுக்குச் சோப்புத் தண்ணீர் போதும் என்று இங்கே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை உணர்வு பெட்டி விஷயத்தில் ஏன் இல்லாமல் போனது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பெட்டிக்கு வருகிறேன். அட்டைப் பெட்டிக்குள் கை லென்ஸ், சிரிஞ்சுகள், அதற்கான குழாய், பலூன், ஸ்ட்ரா, சைக்கிள் வால்வ் டியூப், சின்ன மோட்டார், எல்இடி விளக்குகள், பட்டன் பேட்டரிகள், சின்னஞ்சிறு வெள்ளிநிறக் காந்தங்கள். சிரிஞ்சும் குழாயும் தரமானவை, இரண்டு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி ஒன்றை அழுத்தினால் மற்றது எழும், கார் பிரேக்கும் ஜேசிபியின் கையும் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்கும் பையன்களுக்கு அங்கிருந்து தொடங்கலாம். லென்ஸ் சுமார், ஓரத்தில் உருவம் வளைந்து தெரிகிறது.

பட்டன் பேட்டரியும் அந்தக் காந்தமும் தொடக்கப்பள்ளிப் பெட்டியில் இருக்கவே கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் கிடைப்பதை வாயில் போடும், இதை நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையான புண் உண்டாக்கிவிடும். விழுங்கிய வேகத்தில் மூச்சு முட்டுவது ஒருபுறம், அதன் மின்சாரம் ஈரத்தில் காரத்தை உண்டாக்கிச் சதையை அரித்துவிடுவது இன்னொரு புறம், விளக்கு எரியாத தீர்ந்த பேட்டரிக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தச் சிறு காந்தங்களில் இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். பெட்டியில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை, பயிற்சியில் ஒரு சொல் இல்லை. நான் எழுந்து கேட்டபோது, டீச்சர் கவனமாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில் எந்த டீச்சர் எத்தனை பிள்ளைகளின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியும்? நல்ல மனிதர்கள், நல்ல பயிற்சி, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பெட்டியை வாங்கி வந்தவர்கள் அவற்றை எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள். எல்இடிக்கு இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்தால் 3 வோல்ட் வந்துவிடும், அது எளிதில் விழுங்கிவிட முடியாத அளவு. காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் நல்லது, ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும், உவரிக் கடற்கரை மணலில் அதை விட்டு எடுத்தால் கருந்துகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். பேட்டரியை யாராவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல், நேராக ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோல்ட்ஸ்கோப் பார்த்தோம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-ல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி, மடித்துச் செய்வது, 140 மடங்கு பெரிதாகக் காட்டும். பாளையங்கால்வாய்த் தண்ணீர் ஒரு சொட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஏதோ நீந்திப் போனதை நான் பார்த்தேன், எனக்குப் பின்னால் நின்றவர்களில் பலர் பார்க்கவில்லை, ஏனென்றால் மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஒரு ஃபோல்ட்ஸ்கோப். கூட்டம் அதிகம் என்று சொன்னேனே, அது இங்கேதான் உறைத்தது. மெழுகுவத்தி மாதிரி மேசைக்கு மேசை செய்யக்கூடியதற்கு அது பரவாயில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவைத்தால் அது வேடிக்கை பார்ப்பதாகிவிடுகிறது. ஆள் எண்ணிக்கையைப் பாதியாக்கி, தேவையென்றால் கட்டணத்தைக் கூட்டலாம், நான் கொடுப்பேன்.

அன்று மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையில் படம் ஓடியது, வெளிநாட்டு வகுப்பறைகள், ஆளுக்கொரு மேசை, சுவர் முழுக்கப் பொருள்கள். அந்த நேரத்தில் இன்னொரு சோதனை செய்திருக்கலாம்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை, பயிற்சியாளர்களில் ஒருவர்கூட ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், நம் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் வாழ்க்கை. விடையைச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் வாதாடட்டும், நேரம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சரிதான், முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நாலாம் வகுப்பு வாதாடும்போது அதே அறையில் ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? இதைக் கேட்டபோது, சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். வள்ளியூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர்தான் டீ குடிக்கும்போது உருப்படியான வழி சொன்னார். ஐந்து வகுப்பையும் ஒன்றாகவே நிழலைக் குறிக்கச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகள் குச்சியைப் பிடிக்கவும் நிழலைக் காலடியால் அளக்கவும் செய்யட்டும், பெரிய பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதட்டும், ஏன் என்ற கேள்வியை ஐந்தாம் வகுப்பிடம் மட்டும் கேட்கலாம் என்றார். அந்த அக்காவை மேடையில் ஏற்றிப் பேசவிட்டிருக்கலாம்.

இன்னொன்று, பயிற்சி முடிந்த பிறகு ஒன்றும் இல்லை. சான்றிதழ் கொடுத்தார்கள், குழுப் படம் எடுத்தார்கள், முடிந்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்தைப் பற்றி இதே மேடையில்தான் பெருமையாகப் பேசினார்கள். வால்வ் டியூபும் தீக்குச்சியும் வைத்துப் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா 1978-ல் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் அது. அரசு 2002-ல் மூடும்வரை அந்தத் திட்டம் ஓடியதற்கு முக்கியக் காரணம், பயிற்சிக்குப் பிறகு டீச்சர்கள் மாதம் ஒரு தடவை கூடி, வகுப்பில் எது சரிப்பட்டது, எது சொதப்பியது என்று பேசிக்கொண்டதுதான் என்று நான் நினைக்கிறேன். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம், பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கூடினாலே போதும். கொக்கிரகுளத்தில் 1987-லிருந்து மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் அங்கே பொருள் தயாராக இருக்கும், நாம் பொத்தானை அழுத்திப் பார்ப்போம். டீச்சர்கள் கூடிச் செய்து பார்த்துச் சண்டை போட்டுக்கொள்வதற்கு வேறொரு இடம் வேண்டும்.

பள்ளிக்கு வந்து முதலில் செய்தது நிழல்தான். தெற்கே விழுந்ததைப் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு அது எப்போதும் அப்படித்தான் விழுந்திருக்கும் என்ற நினைப்பு, வியப்பெல்லாம் நமக்குத்தான். ஆனால் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், ராத்திரி நிலா வெளிச்சத்துலயும் நெழல் தெக்கதான் விழுமா?" என்று கேட்டான். பயிற்சியில் யாரும் கேட்காத கேள்வி. பௌர்ணமி வரும்போது நீயே பார்த்துச் சொல் என்றேன். ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்து வடக்கே விழுந்தது டீச்சர் என்றான், அவன் அம்மாவும் கூட இருந்து பார்த்தாராம். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பது, சூரியன் வடக்கே இருக்கும் மாதத்தில் நிலா தெற்கே இருக்கும், அதனால் நடுராத்திரி நிழல் வடக்கே. இதை அவனுக்கு ஒரு டார்ச்சும் ஒரு பந்தும் வைத்து விளக்க முடிந்ததென்றால், அதற்கான தைரியம் அந்தச் சனிக்கிழமையில் வந்தது. 600 ரூபாய்க்கு இது எனக்குப் போதும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். முன்வரிசை மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்காது. அளவுகோலும் நோட்டும் கொண்டுபோங்கள், அங்கே தருவதில்லை. முடிந்தால் உங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேராகப் போங்கள், தனியாகப் போனவர் திரும்பி வந்து தனியாகச் செய்வது கஷ்டம். பெயர் கொடுக்கும்போதே பட்டன் பேட்டரியும் சிறு காந்தமும் இல்லாத பெட்டி வேண்டும் என்று கேளுங்கள், நாலு பேர் கேட்டால் மாற்றுவார்கள், கேட்டால் காதுகொடுக்கிற ஆள்கள்தான்.